அக்டோபரில் விற்று ஜூனில் வாங்குகிற கணக்கு

கென்யாவின் மேற்குக் கோடியில், நைரோபியிலிருந்து உகாண்டா எல்லைக்குப் போகிற நெடுஞ்சாலையில் வெபுயே என்று ஓர் ஊர். பெரிய காகித ஆலை இருந்த ஊர், 2009-ல் அதை மூடினார்கள். ஆலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுற்றுவட்டாரம் முழுக்க மக்காச்சோளம்தான். அதை மாவாக அரைத்து, கொதிக்கிற தண்ணீரில் கொட்டிக் கெட்டியாகக் கிளறினால் உகாலி. நம் ஊர்க் களிக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். அது இல்லாமல் அங்கே யாருக்கும் சாப்பிட்ட மாதிரி இருக்காது.

சந்தையில் மக்காச்சோளத்தை அளக்க ஒரு தகர டப்பா வைத்திருப்பார்கள், கோரோகோரோ என்று பேர். சமையல் கொழுப்பு வந்த காலி டப்பாதான். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். மூட்டை என்றால் 90 கிலோ, ஆக மூட்டைக்கு நாற்பது டப்பாவை ஒட்டி வரும். விளைந்ததை மூட்டையாக விற்பவர், பிற்பாடு தன் வீட்டுக்கே டப்பா டப்பாவாக வாங்குகிறார் என்பதுதான் இங்கே பேசப்போகும் விஷயம்.

மார்ச் வாக்கில் விதைப்பு, செப்டம்பர் அக்டோபரில் அறுவடை. அறுவடை முடிந்த கையோடு சந்தையில் விலை தரையில் கிடக்கும். அப்புறம் மெதுவாக ஏறி, அடுத்த பயிர் வயலில் நிற்கும் மே, ஜூன் மாதங்களில் உச்சத்துக்குப் போகும். அந்தப் பகுதியின் பெரிய சந்தைகளிலேயே இந்த இடைவெளியில் 25 முதல் 40 சதவீதம் வரை விலை ஏறுவது வழக்கம், சாலை வசதி சரியில்லாத ஒதுக்குப்புறச் சந்தைகளில் 50 சதவீதத்தையும் தாண்டும். இது ஏதோ ஒரு வருடம் நடந்த கூத்து இல்லை. வருடா வருடம், மழை மாதிரி, ஏறக்குறைய அதே மாதங்களில் நடக்கிறது.

அப்படியென்றால் ஏழெட்டு மாதம் வைத்திருந்து விற்க வேண்டியதுதானே? அதுதான் நடப்பதில்லை. அக்டோபரில் இரண்டு மூட்டை விற்ற அதே விவசாயி, ஜூனில் அதே சந்தைக்குப் போய் இரண்டு மூட்டை வாங்குகிறார். கணக்குக்காக நானே ஒரு விலை வைத்துக்கொள்கிறேன்: அறுவடையில் மூட்டை 2,000 ஷில்லிங், ஜூனில் 35 சதவீதம் ஏறி 2,700. விற்றபோது கையில் வந்தது 4,000, வாங்கியபோது கையை விட்டுப் போனது 5,400. இதையே வேறு மாதிரி சொன்னால், அவர் அக்டோபரில் 4,000 ஷில்லிங் கடன் வாங்கி ஜூனில் 1,400 வட்டியோடு திருப்பிக் கட்டியிருக்கிறார். நடுவில் புரோநோட்டும் இல்லை, வட்டிக்காரரும் இல்லை, அதனால் அது கடன் என்றே யாருக்கும் தோன்றுவதில்லை.

எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஆடிப்பட்டத்துக் கடலையைக் கார்த்திகையில் பிடுங்கி, காய்ந்ததும் காயாததுமாக மண்டிக்கு ஏற்றிவிடுவார்கள். அடுத்த ஆனி பிறந்தால் விதைக் கடலைக்கு அப்பா அதே மண்டி வாசலில் போய் நிற்பார். விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டு, இரண்டு நாள் கழித்து அதே விலைக்கு வாங்கிக்கொண்டு வருவார். அவருக்குக் கணக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வெபுயே விவசாயிகளுக்கும் தெரியும். விலை எவ்வளவு ஏறும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று அங்கே சோதனை நடத்தப் போன ஆய்வாளர்கள் கேட்டபோது நன்றாக ஏறும் என்றுதான் சொன்னார்கள். தெரிந்துகொண்டேதான் விற்கிறார்கள்.

ஏன் என்றால், ஜனவரியில் பள்ளி திறக்கிறது. கென்யாவில் கல்வியாண்டு ஜனவரியில்தான் தொடங்கும். ஆரம்பப் பள்ளியில் கட்டணத்தை 2003-ல் எடுத்துவிட்டார்கள், ஆனாலும் மேல்நிலைக்குப் போகிற பிள்ளைக்குக் கட்ட வேண்டும், மற்றவர்களுக்குச் சீருடை, புத்தகம் என்று செலவு இருக்கிறது. அதற்கு முன்பே அறுவடையை நம்பித் தள்ளிப்போட்ட கடன்கள், மருந்துச் செலவு, கல்யாணம் கருமாதி எல்லாம் வரிசையில் நிற்கும். வங்கியில் இந்த மாதிரி நாலாயிரம் ஐயாயிரம் ஷில்லிங்குக்கு யாரும் கடன் தரப்போவதில்லை. வீட்டில் பணமாக மாற்றக்கூடிய ஒரே பொருள் மூலையில் அடுக்கியிருக்கும் மூட்டை.

இந்த இடத்தில்தான் 2012-ல் மூன்று பேர் ஒரு சோதனை வைத்தார்கள். மார்ஷல் பர்க், லாரன் ஃபால்காவ் பெர்க்விஸ்ட், எட்வர்ட் மிகெல். முதல் இருவரும் அப்போது கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் முனைவர் பட்ட மாணவர்கள், மிகெல் அங்கே பேராசிரியர். பக்கத்து புசியா பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை கொடுத்த ஆய்வு வழியாக ஏற்கெனவே பேர் வாங்கியவர். களத்தில் அவர்களோடு நின்றது ஒன் ஏக்கர் ஃபண்ட். 2006-ல் அந்தப் பகுதியிலேயே தொடங்கப்பட்ட அமைப்பு இது. விவசாயிகளைக் குழுவாகச் சேர்த்து விதையும் உரமும் கடனாகத் தருவது அதன் வேலை. உறுப்பினர்களுக்கு வழக்கமான கடனுக்கு மேல் இன்னொரு சின்னக் கடனை அது தரும், விதைக்கும்போது இல்லை, அறுத்த பிறகு. இதுதான் சோதனை.

தொகை பெரிதில்லை, நூறு டாலரை ஒட்டி. வட்டி 10 சதவீதம். ஒன்பது மாதத்துக்குள் கட்டி முடித்தால் போதும், நடுவில் எப்போது எவ்வளவு கட்டுவது என்பது அவரவர் வசதி. ஈடு என்று பார்த்தால் வீட்டிலேயே இருக்கும் மக்காச்சோள மூட்டைகள்தான். கிடங்கும் கிடையாது, லாரி வாடகையும் கிடையாது. மூட்டையில் அமைப்பின் அடையாள அட்டை ஒன்றைக் கட்டிவிடுவார்கள், அவ்வளவுதான்.

இந்த அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் மூட்டை இருப்பது ஊருக்குத் தெரிந்தால் மச்சான் வருவார், சித்தப்பா மகன் வருவான், 'ரெண்டு டப்பா கொடு, அறுவடைக்குத் தந்துடறேன்' என்பார்கள், இல்லை என்று சொல்ல வாய் வராது. அட்டை தொங்கினால் 'அது என்னுதில்லை, கடன்ல இருக்கு' என்று சொல்லித் தப்பிக்கலாம் இல்லையா? மூட்டை கரைவதற்கு உறவுக்காரர்களின் நெருக்கடிதான் காரணமோ என்ற சந்தேகத்தில், சிலருக்குக் கடனே தராமல் வெறும் அட்டையை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு வித்தியாசமும் இல்லை. மூட்டையைக் காலி செய்தது மச்சான் இல்லை போலிருக்கிறது. எனக்கு இந்தச் சின்னத் துணைச் சோதனை ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் சொந்தபந்தத்தால்தான் ஏழை முன்னேறுவதில்லை என்று திண்ணையில் உட்கார்ந்து பேசுவது எல்லா ஊரிலும் உண்டு.

குழுக்கள் 240, விவசாயிகள் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். யாருக்குக் கடன், யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். கடன் கிடைப்பவர்களிலும் ஒரு பாதிக்கு அக்டோபரில், அறுவடை முடிந்த சூட்டோடு. இன்னொரு பாதிக்கு ஜனவரியில், பள்ளிக் கட்டணம் கட்டுகிற நேரத்தில். வாய்ப்புக் கிடைத்தவர்களில் ஐந்தில் மூன்று பேருக்கு மேல் கடனை வாங்கிக்கொண்டார்கள்.

ஜனவரிக் கடன்தான் ஜெயிக்கும் என்று நான் நினைத்திருப்பேன். செலவு ஜனவரியில், பணமும் ஜனவரியில், இதைவிடப் பொருத்தம் என்ன வேண்டும்? நடந்தது நேர் எதிர். லாபத்தைக் காட்டியது அக்டோபர்க் கடன். ஜனவரிக் கடனில் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. யோசித்தால் புரிகிறது: ஜனவரியில் பணம் வரும் என்றாலும் அக்டோபருக்கும் ஜனவரிக்கும் நடுவில் ஒரு குடும்பம் மூன்று மாதம் வாழ வேண்டும், அந்த மூன்று மாதத்தில் மூட்டைகளில் பாதி போய்விடும், மலிவு விலையும் போய்விடும். அடுத்த ஆண்டு சோதனையில் ஜனவரிக் கடனை எடுத்துவிட்டு அக்டோபரை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அக்டோபரில் வாங்கியவர்கள் அறுவடைக் காலத்தில் குறைவாக விற்றார்கள், முடிந்தவர்கள் மலிவாகக் கிடைக்கும்போது இன்னும் கொஞ்சம் வாங்கியும் வைத்தார்கள், விலை ஏறிய பிறகு விற்றார்கள். கடனாகப் போன பணத்தின் மீது 29 சதவீதம் ஆதாயம் என்று கணக்கு வந்தது. இது சின்ன விஷயம் இல்லை. ஹைதராபாத், மங்கோலியா, மொராக்கோ, மெக்சிகோ, எத்தியோப்பியா, போஸ்னியா என்று ஆறு இடங்களில் நுண்கடன் குறித்து நடந்த ஆய்வுகள் 2015-ல் ஒரே இதழில் வந்தன. வறுமையை ஒழிக்கும் என்று கொண்டாடப்பட்ட நுண்கடன் சராசரிக் குடும்பத்தின் வருமானத்தைப் பெரிதாக அசைக்கவில்லை என்பதுதான் அவை சேர்ந்து சொன்ன சேதி. வெபுயேவில் அசைந்தது. நுண்கடனில் வழக்கம் என்னவென்றால், கொடுத்த கொஞ்ச நாளிலேயே வாரத் தவணை வசூலிக்க ஆள் வந்துவிடுவார். வாரா வாரம் கட்ட வேண்டியவர் மூட்டையை எப்படி எட்டு மாதம் வைத்திருப்பார்?

தேதிதான் விலை

இதே மேற்குக் கென்யாவில், வேறு ஆட்கள் வேறு கேள்வியோடு போய் ஏறக்குறைய இதே சுவரில் முட்டியிருக்கிறார்கள். இரண்டு ஆய்வுகளை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று உரம். எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர், ஜொனதன் ராபின்சன் மூவரும் 2000-த்தின் தொடக்க ஆண்டுகளில் புசியா பக்கம் விவசாயிகளின் சொந்த வயலிலேயே சின்னச் சின்னப் பாத்தி கட்டிப் பார்த்தார்கள். (டுஃப்லோவும் கிரெமரும் 2019-ல் அபிஜித் பானர்ஜியோடு நோபல் வாங்கியவர்கள்.) அரசுத் துறை சிபாரிசு செய்த முழுத் தொகுப்பு, அதாவது வீரிய விதை, அடியுரம், மேலுரம் எல்லாம் சேர்த்துப் போட்ட பாத்தியில் விளைச்சல் ஏறக்குறைய இரட்டிப்பானது. ஆனால் போட்ட காசு திரும்ப வரவில்லை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பார்களே, அதுவேதான். மாறாக, பயிர் முழங்கால் உயரம் வந்ததும் ஒரு குழிக்கு அரை டீஸ்பூன் மேலுரம் மட்டும் போட்ட பாத்தியில் ஒரு பருவத்துக்குச் சராசரி 36 சதவீத லாபம், வருடக் கணக்கில் 70 சதவீதத்தை ஒட்டி. அளவைக் கால் டீஸ்பூனாகக் குறைத்தாலும் முழு டீஸ்பூனாகக் கூட்டினாலும் இந்த லாபம் இல்லை. விளைச்சலை மட்டும் பார்த்துச் சிபாரிசு எழுதுகிற துறைகள் எல்லா நாட்டிலும் இருக்கின்றன, அதை இங்கே விரிக்கப் போவதில்லை.

இப்படி லாபம் கண்ணுக்கு முன்னால் தெரிந்தும் பெரும்பாலோர் உரம் வாங்கவில்லை. செயல்விளக்கத்தில் கலந்துகொண்டவர்களில் 97.7 சதவீதம் பேர் அடுத்த பருவம் கட்டாயம் போடுவேன் என்றார்கள், போட்டவர்கள் 36.8 சதவீதம். பொய் சொல்லவில்லை அவர்கள். சொன்னபோது கையில் அறுவடைப் பணம் இருந்தது, உரம் போட வேண்டிய நேரத்தில் இல்லை. சரி என்று ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள் என்றால், அறுவடை முடிந்த உடனே வீட்டுக்கு ஆளை அனுப்பி, இப்போதே பணத்தைக் கட்டிவிடுங்கள், தேவைப்படும்போது உரத்தை வீட்டுக்கே இலவசமாகக் கொண்டுவந்து தருகிறோம் என்றார்கள். தள்ளுபடி என்று பார்த்தால் அந்தப் போக்குவரத்துச் செலவுதான். இதற்கே உரம் போடுகிறவர்கள் கணிசமாகக் கூடினார்கள். அதே அளவு கூட்டத்தைப் பின்னால், உரம் போடும் நேரத்தில் கொண்டுவர, விலையில் பாதியைத் தள்ள வேண்டியிருந்தது. இன்னொரு சுற்றில் 'நாங்கள் எப்போது திரும்ப வரட்டும்?' என்று விவசாயிகளையே கேட்டார்கள். பாதியை நெருங்குகிற எண்ணிக்கையில் ஆட்கள் 'அறுத்த உடனே வாருங்கள்' என்றார்கள். பணம் கையில் தங்காது என்பது அவர்களுக்குத் தெரியும், தங்குவதற்குள் யாராவது வந்து வாங்கிக்கொண்டு போனால் தேவலை என்கிறார்கள்.

இரண்டாவது, கரும்பு. லொரென்சோ காசபூரியும் ஜாக் வில்லிஸும் செய்த இந்த ஆய்வு 2018-ல் வெளியானது. ஒப்பந்தச் சாகுபடி, ஆலையே விதைக்கரணையும் உரமும் கொடுத்துவிட்டு வெட்டும்போது கிரயத்தில் பிடித்துக்கொள்ளும், நம்மூர் ஆலைக் கரும்பு மாதிரியேதான். பயிர் வெட்டுக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். இவர்களுக்கு ஒரு பயிர்க் காப்பீட்டைக் காட்டினார்கள். பிரீமியத்தை முன்கூட்டியே கட்டச் சொன்னபோது சேர்ந்தவர்கள் 5 சதவீதம். பிரீமியத்தில் 30 சதவீதம் தள்ளுபடி தருகிறோம், ஆனால் இப்போதே கட்ட வேண்டும் என்றபோது 6 சதவீதம். தள்ளுபடி ஒன்றும் வேண்டாம், முழு பிரீமியத்தையும் வெட்டும்போது கிரயத்தில் பிடித்துக்கொள்கிறோம் என்றபோது 72 சதவீதம்.

ஐந்து, ஆறு, எழுபத்திரண்டு. அதே இன்ஷூரன்ஸ், அதே ஆட்கள். விவசாயிக்குக் காப்பீட்டின் அருமை தெரியவில்லை, விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டும் என்று சொல்கிற யாரையும் இந்த மூன்று எண்களுக்கு முன்னால் உட்கார வைத்தால் போதும். ரொம்ப ஏழையான விவசாயிகள்தான் கடைசி வகையில் அதிகம் சேர்ந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது ஆப்பிரிக்க விவசாயியின் சிக்கல் மட்டும்தானா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவில் அரசுப் பயிர்க் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டும் தேதி மாறியபோது அங்கேயும் சேர்க்கையில் அதன் பாதிப்பு தெரிந்ததை அதே ஆய்வு காட்டுகிறது.

கரும்புச் சோதனையில் ஒரு முள் இருக்கிறது. பிரீமியத்தைப் பின்னால் பிடித்துக்கொள்ளலாம் என்றால், விவசாயி கரும்பை அந்த ஆலைக்குத்தான் கொடுக்க வேண்டும். ஆலை பணம் பட்டுவாடா செய்யத் தாமதித்தாலோ, வெளியில் வெல்லத்துக்கு ஆடுகிறவர் கூடுதல் விலை தந்தாலோ, கரும்பு வேறு பக்கம் போய்விடும், பிரீமியமும் அதோடு போய்விடும். ஆலை நாளைக்கு இருக்குமா என்ற பயம் விவசாயிக்கும் உண்டு. முன்கூட்டியே கட்டத் தயங்கியதற்கு அந்த அவநம்பிக்கையும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். பாக்கிக் கிரயத்துக்காக ஆலை வாசலில் உட்கார்ந்த அனுபவம் உள்ள நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர்

சரி, வெபுயேவுக்கு வருவோம். இதுவரை சொன்னதோடு நிறுத்தியிருந்தால் அது நல்ல ஆய்வு, அவ்வளவுதான். நான் இதை மூன்று முறை படித்ததற்குக் காரணம் அடுத்த பகுதி.

ஒரு ஊரில் ஒருவர் மட்டும் மூட்டையை வைத்திருந்து ஜூனில் விற்றால் அவருக்கு நல்ல விலை. ஊரே வைத்திருந்து ஊரே ஜூனில் விற்றால்? அக்டோபரில் வரத்து குறைவதால் விலை அவ்வளவு விழாது, ஜூனில் வரத்து கூடுவதால் விலை அவ்வளவு ஏறாது. எந்த இடைவெளியை நம்பிக் கடன் கொடுத்தோமோ அந்த இடைவெளியையே கடன் சாப்பிட்டுவிடும். காகிதத்தில் எந்தப் பொருளாதார மாணவரும் சொல்லிவிடுவார். நிஜச் சந்தையில் அளந்து காட்டியவர்கள் குறைவு.

இவர்கள் அதை முன்கூட்டியே யோசித்து சோதனைக்குள்ளேயே கட்டியிருந்தார்கள். வெபுயேவைச் சுற்றி 17 வட்டாரங்களை எடுத்து, அதில் ஒன்பதில் ஒன் ஏக்கர் ஃபண்டின் குழுக்களில் 80 சதவீதத்துக்குக் கடன் வாய்ப்பு, மீதி எட்டில் 40 சதவீதத்துக்கு மட்டும் என்று பிரித்தார்கள். எந்த வட்டாரம் எந்தப் பக்கம் என்பதும் குலுக்கல்தான். அப்புறம் ஆட்களை அனுப்பி உள்ளூர்ச் சந்தைகள் ஒவ்வொன்றிலும் மாதா மாதம் டப்பா என்ன விலைக்குப் போகிறது என்று எழுதிக்கொண்டே வந்தார்கள். முதலில் சொன்ன அந்தத் தகர டப்பாவின் விலை இங்கே ஆய்வின் நடு அச்சாகிவிடுகிறது.

விலை நகர்ந்தது. கடன் அடர்த்தியாகப் போன வட்டாரங்களில் அறுவடைக்குப் பிறகான விலை மற்ற இடங்களைவிடச் சில சதவீதம் கூடுதலாக நின்றது, பிற்பாடு உச்சம் சற்றுத் தணிந்தது. ஏற்ற இறக்கம் மட்டுப்பட்டது. ஆளுக்கு நூறு டாலர், அதுவும் ஊரில் ஒரு பகுதி மக்களுக்கு மட்டும், இவ்வளவுக்கே ஒரு சந்தையின் விலை அசைகிறது என்றால் அந்தச் சந்தை எவ்வளவு சின்னது, எவ்வளவு துண்டாகக் கிடக்கிறது என்று பாருங்கள். வெளியிலிருந்து வியாபாரி லாரியோடு வந்து விலை வித்தியாசத்தைத் தட்டிவிட்டுப் போகிற அளவுக்கு அது இணைந்திருக்கவில்லை.

அதன் விளைவு ஆதாயக் கணக்கில் எதிரொலித்தது. கடன் குறைவாகப் போன வட்டாரங்களில் வாங்கியவருக்கு நல்ல லாபம். நிறையப் போன வட்டாரங்களில், கடன் வாங்கியவருக்கும் வாங்காதவருக்கும் நடுவில் பிரித்துச் சொல்ல முடிகிற வித்தியாசமே இல்லை. ஒரு திட்ட மதிப்பீட்டாளர் இந்த அடர்த்தியான ஊர்களுக்கு மட்டும் போய், வழக்கம் போல வாங்கியவர்களையும் வாங்காதவர்களையும் ஒப்பிட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்? 'திட்டத்தால் பயன் இல்லை, நிறுத்தலாம்' என்றுதான். தப்பு. அங்கே பயன் சந்தைக்குள் பரவி, கடனே வாங்காதவர் வீட்டுக்கும் போயிருக்கிறது. வேறு வழியில்லாமல் அக்டோபரில் விற்றே ஆக வேண்டிய பக்கத்து வீட்டுக்காரருக்கு டப்பாவுக்கு இரண்டு காசு கூடக் கிடைத்தது, ஜூனில் வாங்கியே ஆக வேண்டியவருக்கு இரண்டு காசு குறைந்தது. வாங்கியவரையும் வாங்காதவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டால் இந்தப் பயன் கண்ணில் படாது, ஏனென்றால் இரண்டு பேருமே கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறார்கள்.

இதில் கடன் கொடுப்பவருக்கு ஒரு தலைவலி இருக்கிறது, அதை ஆய்வுக் கட்டுரையைவிட வங்கிக்காரர்கள் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள். வட்டி கட்டுவது கடன் வாங்கியவர். ஆதாயம் ஊருக்கு. கடனை நிறையக் கொடுக்கக் கொடுக்க வாங்கியவருக்கு அதில் லாபம் குறைகிறது, லாபம் குறைந்தால் அடுத்த வருடம் அவர் கடன் கேட்டு வரமாட்டார். ஊருக்கு எது அதிக நன்மையோ அது தனியார் கடன் வியாபாரமாக நிற்காது. பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் 'எங்கள் கடனால் உங்களுக்கு விலை கிடைத்தது, வட்டியில் பங்கு கொடுங்கள்' என்று கேட்க முடியுமா? அரசு மானியம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு, ஆனால் மானியத்துக்கு இதைவிட நேர்மையான நியாயம் நான் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கடனுக்கு ஏற்கெனவே ஒரு பேர் உண்டு, பொருளீட்டுக் கடன். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் கிடங்கில் மூட்டையை வைத்துவிட்டு, அதன் மதிப்பில் முக்கால் பங்கு வரை கடனாக வாங்கிக்கொண்டு, விலை வரும்போது விற்கலாம். ஏட்டளவில் வெபுயேவைவிடப் பெரிய ஏற்பாடு. ஆனால் மூட்டையை வீட்டிலிருந்து கிடங்கு வரை கொண்டுபோக வண்டி வேண்டும், ஏற்று இறக்குக் கூலி வேண்டும், காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், வரிசை இருக்கும். மூன்று மூட்டைக்காரர் இதற்கெல்லாம் போகமாட்டார், மண்டி ஆள் வீட்டு வாசலுக்கே வருகிறார். மூட்டை இருந்த இடத்திலேயே ஈடாகட்டும் என்று விட்டதுதான் வெபுயே ஏற்பாட்டில் என்னைக் கவர்ந்தது.

குறையே இல்லாத ஆய்வு என்று சொல்லமாட்டேன். இதில் இருந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஒரு அமைப்பில் சேர்ந்து கடன் வாங்கிக் கட்டிப் பழகியவர்கள். குழுவிலேயே இல்லாதவருக்கு, நிலமே இல்லாமல் கூலிக்குப் போகிறவருக்கு இது எட்டாது, அவருக்குக் கிடைக்கிறதெல்லாம் அந்தச் சந்தை வழியாக வருகிற இரண்டு காசுதான். அப்புறம், வைத்திருப்பது சும்மா இல்லை. வண்டு விழும், மருந்துத் தூள் போட வேண்டும், எலி வரும். ஈரம் சரியாகக் காயாத மக்காச்சோளத்தை மாதக்கணக்கில் மூட்டையில் அடைத்தால் பூஞ்சை நஞ்சு பிடிக்கும். 2004-ல் கென்யாவின் கிழக்குப் பகுதியில் அப்படிப்பட்ட மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 125 பேர் இறந்தார்கள். 'விற்காதே, வை' என்று சொல்வதற்கு முன்னால் 'காயவைத்தாயா' என்று கேட்க வேண்டியிருக்கிறது. விலை ஒரு வருடம் ஏறாமலே போவதும் உண்டு. பக்கத்து நாட்டிலிருந்து சரக்கு வந்து இறங்கினாலோ, அரசு இறக்குமதிக்குக் கதவைத் திறந்தாலோ, எட்டு மாதம் காத்தவர் கையில் மூட்டையும் கடனும் மட்டும் இருக்கும்.

இரண்டு பருவம் ஓடி சோதனை முடிந்தது. ஓராண்டுக்கு மேல் கழித்து, 2015 கடைசியில் ஆய்வாளர்கள் அதே விவசாயிகளிடம் திரும்பப் போனார்கள். முதல் இரண்டு வருட ஆதாயத்தைச் சேர்த்து வைத்து, இனிமேல் கடன் இல்லாமலே தங்கள் காலில் நின்று மூட்டையை வைத்திருப்பார்கள் என்ற நம்பிக்கை கொஞ்சம் இருந்திருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கிடைத்தது பெரும்பாலும் வீட்டுச் செலவோடு கரைந்துவிட்டது, அதில் எனக்கு ஆச்சரியமும் இல்லை. கடன் நின்றது, அக்டோபர் வந்தது, கடன் வாங்கியிருந்தவருக்கும் வாங்காதவருக்கும் நடுவில் பெரிதாக ஒரு வித்தியாசமும் மிஞ்சியிருக்கவில்லை. ஜனவரியில் பள்ளி வழக்கம் போலத் திறந்தது.